சுழலும் தட்டும் கரையும் மின்கலமும்

கொழும்பின் வடபால், களனி கங்கையின் தென்கரையிலே, கிராண்ட்பாஸை அடுத்து நிற்பது களனிதிஸ்ஸ மின்நிலையம். 1964ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய அந்நிலையம், மலைநாட்டு நீர்மின்னையே பெரிதும் நம்பியிருந்த இலங்கைக்கு எண்ணெய் எரித்து மின்சாரம் வழங்கியது. எனினும் மின்நிலையம் அயலில் இருக்கிறது என்பதனால் மட்டும் ஒரு தெருவின் விளக்கு அணையாதிருப்பதில்லை. 2022ஆம் ஆண்டின் முற்பகுதியில் அந்நியச் செலாவணி அருகியது, எரிபொருள் தட்டுப்பட்டது, மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. அத்தகைய வேளையில் மடிக்கணினி வைத்திருப்போர் எண்ணுவது மின்கலத்தின் நிமிடங்களையே.

அந்நிமிடங்களைத் திரைதான் விழுங்குகிறது என்பர் பலர். அது மெய்யே. ஆயின் சுழலும் வன்தட்டுடைய கணினிகளில் ஓசையின்றி உண்ணும் வேறொருவனும் உண்டு. இரண்டரை அங்குல வன்தட்டு, வேலையேதுமின்றிச் சும்மா சுழல்வதற்கே ஏறத்தாழ ஒரு வாற்று கேட்கும். நிறுத்திவைத்தால் அதில் ஐந்திலொரு பங்கு போதும். நின்ற தட்டை மீண்டும் சுழலவைக்கும் அந்தச் சில வினாடிகளிலோ ஐந்து வாற்று வரை இழுக்கும். ஆகவே தட்டு உறங்கினால் ஆதாயம். உறங்கிய மறுகணமே எழுப்பப்பட்டால் நட்டம். அதனை ஓயாது எழுப்பியது யார் என்பதே இங்குக் கூறப்புகும் வரலாறு.

1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு, 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகளை அடுக்கி, 50 இலட்சம் எழுத்துகளைத் தாங்கியது. அதன் நிறை ஒரு தொன்னுக்கும் மேல். சுவரிலிருந்து மின்சாரம் பெற்ற அவ்வியந்திரத்துக்குச் சிக்கனம் என்ற பேச்சே எழவில்லை. 1970களில் பெல் ஆய்வுகூடத்தில் வளர்ந்த யூனிக்ஸ் எனும் பணிசெயல் முறைமையும் அச்சூழலிலேயே தன் பழக்கங்களைக் கற்றது. அவற்றுள் இரண்டு நம் கவனத்துக்குரியன. ஒன்று, நினைவகத்தில் தேங்கிய மாற்றங்களை முப்பது வினாடிக்கு ஒருமுறை தட்டிலே எழுதிவிடுவது. மற்றையது, ஒரு கோப்பை எவரேனும் வாசித்தால், வாசித்த நேரத்தையும் குறித்துவைப்பது. நூலகத்தில் ஒருவர் ஏட்டைப் புரட்டியதற்கெல்லாம் நூலகர் பதிவேட்டைத் திறப்பது போன்றதே இது. வாசித்தலும் எழுதுதலாயிற்று! பெரும் நிலையங்களில் இது குற்றமன்று. மடியில் வைத்த கணினியிலோ தட்டுக்கு உறக்கமே இல்லை.

யூனிக்ஸின் வழிவந்த லினக்ஸ் முறைமை இப்பழக்கங்களையும் ஏற்றுக்கொண்டது. அதன் 'ஈ.எக்ஸ்.டி.3' கோப்பு முறைமையோ ஐந்து வினாடிக்கு ஒருமுறை தன் குறிப்பேட்டைத் தட்டில் பதித்தது. இதற்கு மாற்றாக ஜென்ஸ் அக்ஸ்போ தொடங்கி, பார்ட் சாம்வெல் விரிவாக்கிய 'மடிக்கணினி நிலை' 2004இல் லினக்ஸில் இடம்பெற்றது. அதன் உபாயம் எளிது: எழுதவேண்டியவற்றை நினைவகத்தில் சேர்த்துவை, வாசிப்பதற்காகத் தட்டு எப்படியும் எழுந்தால், அப்பொழுதே அனைத்தையும் ஒருங்கே எழுதிவிடு, பின்னர் உறங்கவிடு. பத்து நிமிடம் வரை எழுத்து காத்திருக்கலாம்.

ஆயின் அப்பத்து நிமிடத்துக்கும் ஒரு விலையுண்டு. மின்கலம் முற்றும் வற்றிக் கணினி திடீரென நின்றால், தட்டில் ஏறாத பத்து நிமிட உழைப்பு அழிந்துபோகும். மின்சாரம் இல்லாத நேரத்துக்கென்றே வகுத்த சிக்கனம், மின்சாரம் இல்லாமையாலேயே கேடு விளைக்கக்கூடியது! மின்கலத்தின் இருப்புக் குறைந்ததும் இந்நிலையைத் தானே கைவிடும் ஏற்பாடு பின்னர் செய்யப்பட்டமை இதனாலேயே. மின்கலம் முதுமையடைந்து, காட்டும் இருப்பே பொய்யாகும் பழைய கணினிகளில் அவ்வேற்பாட்டையும் முழுதாய் நம்புதல் தகாது.

முறைமை பொறுத்திருந்தாலும் அதன்மேல் இயங்கும் மென்பொருள் பொறுப்பதில்லை. 'இப்பொழுதே எழுது' என ஆணையிடும் உரிமை அதற்கு உண்டு. 2008இல் பயர்பாக்ஸ் 3 உலாவி வெளிவருமுன் நடந்த சோதனைகளில், பக்கம் ஒன்றைத் திறக்குந்தோறும் அவ்வாணை பிறந்து, தேங்கிய எழுத்தனைத்தையும் தட்டுக்குத் தள்ளியமை பெரும் விவாதமாயிற்று.

தட்டின் ஆயுளும் இதில் அடங்கியிருந்தது. மடிக்கணினி வன்தட்டின் வாசிப்புமுனை ஓய்விடம் சென்று மீளும் தடவைகள், பொதுவாக ஆறு இலட்சம் எனக் கணிக்கப்பட்டன. நிமிடத்துக்கு இருமுறை அது போய்வந்தால், நாளுக்குப் பத்து மணி நேரப் பாவனையில் 1,200 தடவை; 500 நாளில் கணக்குத் தீரும். மின்னைச் சேமிக்க அடிக்கடி முனையை ஒதுக்குவதும், உடனே மென்பொருள் அதனை அழைப்பதுமாகிய இழுபறி குறித்து 2007இல் உபுண்டு பாவனையாளர் எழுப்பிய முறைப்பாடு இதுவே.

வாசித்த நேரத்தைக் குறிக்கும் பழக்கத்துக்கு வலரி ஹென்சன் ஒரு நடுவழி கண்டார். கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட பின் முதன்முறை வாசிக்கப்பட்டால் மட்டும் குறித்தால் போதும் என்பது அது. நாளுக்கு ஒருமுறையேனும் குறிக்கும் விதியும் சேர்க்கப்பட்டு, 2009இல் அதுவே லினக்ஸின் இயல்பு வழக்கமாயிற்று. புதிய மடிக்கணினிகளில் சுழலும் தட்டு மறைந்து, அசையும் உறுப்பற்ற சேமிப்பகம் வந்துவிட்டது. அங்கே எழுப்பவேண்டிய தட்டு இல்லை, ஆயின் ஒவ்வோர் எழுத்தும் அதன் நுண்ணறைகளைச் சிறிது தேய்க்கிறது.