முன்னோர் ஜனன தின நிர்ணயம்

முன்னோர் ஜனன தின நிர்ணயம் என்பது, ஒருவர் பிறந்த நாளுக்கு நேரடிச் சான்று கிடைக்காதவிடத்து, கல்லறைக் கல்வெட்டு, மரணப் பதிவேடு, சிராத்தத் திதி, ஜாதகம் முதலிய ஆதாரங்களைக் கொண்டு அந்நாளைக் கணித்தறியும் முறையாகும். வம்சாவளி வரைவோர்க்கும் ஊர் வரலாறு எழுதுவோர்க்கும் இன்றியமையாத இம்முறை, சேலம், நாமக்கல் சமவெளியில் தனக்கென ஓர் இயல்பு உடையது; தேதி பொறித்த கல் இங்கே சிலருக்கே உண்டு, திதியும் நட்சத்திரமும் பல வீடுகளில் உண்டு.

ஆதாரங்கள்

தேதியும் வயதும் பொறித்த கல்லறைகள் இவ்வட்டாரத்தில் பெரும்பாலும் கிறிஸ்தவர்களுடையனவும் முஸ்லிம்களுடையனவும் ஆகும். லண்டன் மிஷன் சங்கத்தார் 1827இல் சேலத்தில் பணி தொடங்கினர். ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் வெளியிட்ட சென்னை மாகாணக் கல்லறைக் கல்வெட்டுத் தொகுதி, இன்று கல் சிதைந்து எழுத்து மறைந்த இடங்களிலும் துணை செய்யக்கூடும். கத்தோலிக்கரின் அடக்கப் பதிவேடுகளைத் தேடுவோர், சேலம் மறைமாவட்டம் 1930இல்தான் அமைந்தது என்பதை மனத்திற்கொண்டு, முந்திய காலத்துக்குப் புதுச்சேரி, கும்பகோணம் மறைமாவட்டங்களையும் நாடவேண்டும்.

மற்றவர்க்குப் பிரதான ஆதாரம், 1899ஆம் ஆண்டுச் சென்னை ஜனன மரணப் பதிவுச் சட்டத்தையும், பின்னர் 1969ஆம் ஆண்டு மத்திய சட்டத்தையும் ஒட்டிப் பேணப்பட்ட பதிவேடுகளே. கிராமத்தில் மணியக்காரர் எழுதிய இப்பதிவேட்டில் பிறந்த குழந்தையின் பெயர் பெரும்பாலும் காலியாகவே விடப்பட்டிருக்க, இறந்தவரின் பெயரும் வயதும் பொதுவாகக் காணப்படுவதால், மரணப் பக்கத்திலிருந்து பின்னோக்கிச் செல்வதே பல குடும்பங்களுக்கு எஞ்சிய வழியாயிற்று. நாமக்கல் தாலுகா 1910 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும், பின்னர் 1997இல் தனி மாவட்டமாகும் வரை சேலத்திலும் இருந்தமையால், பழைய ஆவணங்களை எந்த மாவட்டத்தின் பெயரில் தேடுவது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

கழித்தல் முறை

1863 மார்ச் 12ஆம் தேதி மரணம், வயது 34 வருஷம் 5 மாதம் 20 நாள் என்று ஒரு கல்லில் பொறித்திருப்பதாகக் கொள்வோம். 12இலிருந்து 20 கழியாதாகையால், முந்திய மாதமாகிய பிப்ரவரியின் 28 நாளைக் கடன் வாங்கி 40 ஆக்கிக் கழிக்க 20 வரும். எஞ்சிய 2 மாதத்தோடு ஓர் ஆண்டின் 12 மாதத்தைச் சேர்த்து 5ஐக் கழிக்க 9. 1862இலிருந்து 34 போக 1828. ஆகவே பிறந்த நாள் 1828 செப்டம்பர் 20.

மேனாட்டு வம்சாவளி ஆராய்ச்சியாளர் இதையே 8870 என்னும் எண்ணால் சுருக்குவர். 18630312இலிருந்து 340520ஐயும், பின் 8870ஐயும் கழித்தால் 18280922, அதாவது செப்டம்பர் 22 கிடைக்கும். எல்லா மாதத்தையும் முப்பது நாளாகக் கொள்ளும் சூத்திரமாகையால், பிப்ரவரியின் குறைவு இங்கே இரண்டு நாள் பிழையாக வெளிப்படுகிறது. நாளுக்கு மட்டும் கடன் வாங்க நேர்ந்தால் 70ஐயும், மாதத்துக்கு மட்டுமாயின் 8800ஐயும் கழித்தல் வேண்டும்.

முஸ்லிம் கல்லறைகளில் ஹிஜ்ரி ஆண்டால் வயது குறித்திருப்பின், அவ்வாண்டு 354 அல்லது 355 நாளே கொண்டதாகையால், 33 ஹிஜ்ரி ஆண்டுகள் ஏறத்தாழ 32 ஆங்கில ஆண்டுகளாகும்.

வருஷமும் நட்சத்திரமும்

பதிவேட்டில் வயது 62 என்று மட்டும் இருந்து, மரணம் 1934 மார்ச் 12 ஆயின், பிறந்த நாள் 1871 மார்ச் 13க்கும் 1872 மார்ச் 12க்கும் இடைப்பட்டது. 62 என்பது நடப்பு வயதாயின் ஓராண்டு பிந்தியது. இறந்தவர் ஐப்பசி மாதம் உத்திரட்டாதி நட்சத்திரத்தில் பிறந்தவர் என்று வீட்டார் நினைவில் வைத்திருந்தால், முதல் எல்லைக்குள் பிரசோற்பத்தி வருஷத்து ஐப்பசி ஒன்றே வருகிறது. சந்திரன் சுமார் 27 நாளில் ஒரு சுற்று முடிப்பதால், அம்மாதத்தில் அந்நட்சத்திரம் ஒருமுறை, அரிதாக இருமுறை, அமையும். பழைய பஞ்சாங்கமோ, எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை வெளியிட்ட இந்தியப் பஞ்சாங்க அட்டவணையோ அந்நாளைக் காட்டிவிடும்.

வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்புவது பெரும் இடர். தாது வருஷம் என்றால், கொடும் பஞ்சம் தாக்கிய 1876-77ஆ, 1936-37ஆ என்ற ஐயம் எழும். ஜாதகக் கட்டம் கிடைத்தாலும், குருவும் சனியும் அறுபது ஆண்டில் ஏறக்குறைய பழைய இடத்துக்கே மீள்வதால் அவற்றால் ஐயம் தீராது. பதினெட்டரை ஆண்டில் சுற்றும் ராகு மட்டும் இரண்டு மூன்று ராசி தள்ளி நின்று உண்மையைத் தெரிவிக்கும்.

முடிவின் மதிப்பு

முதியோர் வயதை 60, 70 என்று முழு எண்ணாகச் சொல்வதும், பள்ளியில் சேர்ப்பதற்காக வேறு தேதி எழுதுவதும் பழைய வழக்கமாகையால், ஒரே ஆதாரத்தை நம்பி நாளைத் துணிவது தகாது. மூத்த மக்களின் வயது, உடன்பிறந்தோரின் வரிசை, திருமணக் காலம் ஆகியவற்றோடு ஒத்துப்பார்த்து, முரண்படும்போது சம்பவம் நிகழ்ந்த காலத்திலேயே எழுதப்பட்ட ஆதாரத்துக்கு முதன்மை தருவதே முறை. கணித்த தேதியோடு அதன் எல்லையையும், எந்த ஆதாரத்திலிருந்து எவ்வாறு பெறப்பட்டது என்பதையும் குறித்துவைப்பவரின் வம்சாவளியே பின்வருவோர்க்குப் பிரமாணமாகும்; வீட்டுப் பெரியவர்களிடம் திதியையும் நட்சத்திரத்தையும் கேட்டு எழுதும் பணியை எவரும் நாளைக்கு என்று ஒத்திவைக்கலாகாது.