பாரம் தாங்கும் வார்ப்பிரும்பு, பட்டுனு உடைவது ஏன்?

வார்ப்பிரும்பு தோசைக்கல் கை தவறி விழுந்தால் நெளியாது. விரிசல் விட்டு உடைஞ்சிடும். கட்டுமானத்தில் இதே குணம் உயிர்களைக் காவு வாங்கியிருக்கிறது.

என்ன காரணம்?
இதில் கார்பன் 2 சதவீதத்துக்கும் மேல். சாதாரண வார்ப்பிரும்பில் அது கிராஃபைட் செதில்களாகப் பரவிக் கிடக்கும். மேலிருந்து அழுத்தினால் பிரச்சினை இல்லை. இழுத்தால், செதில் ஓரத்திலேயே விரிசல் தொடங்கிடும்.

எங்கே ஜெயித்தது?
தூண்களிலும் வளைவுகளிலும். இங்கிலாந்தின் செவெர்ன் ஆற்றில் 1779-ல் எழுந்த 'அயர்ன் பிரிட்ஜ்', உலகின் முதல் பெரிய வார்ப்பிரும்புப் பாலம். வில் போன்ற வளைவு என்பதால் பாரம் அழுத்தமாகவே இறங்குகிறது. இன்றும் மக்கள் அதில் நடந்து போகிறார்கள்.

எங்கே தோற்றது?
உத்தரத்தில். பாரம் ஏறினால் உத்தரத்தின் அடிப்பக்கம் இழுபடும். 1847 மே 24 அன்று, செஸ்டர் நகரின் டீ ஆற்றுப் பாலத்தில் ரயில் போனபோது உத்தரம் முறிந்தது. 5 பேர் பலி. வடிவமைத்தவர் புகழ்பெற்ற பொறியாளர் ராபர்ட் ஸ்டீபன்சன்! ரயில் பாலங்களில் இரும்பைப் பயன்படுத்துவது பற்றி ஆராய அரச ஆணையமே அமைக்கப்பட்டது.

அப்புறம்?
உத்தரங்களுக்குத் தேனிரும்பும், பிறகு எஃகும் வந்தன. வார்ப்பிரும்பு இப்போது சாக்கடை மூடி, கழிவுநீர்க் குழாய் போன்ற இடங்களில் வேலை பார்க்கிறது.