துலாவும் உத்தியோகமும்: யாழ்ப்பாணக் குடும்பம் வகுத்த தொழில்வழி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு மகன் எந்தத் தொழிலுக்குப் போவான் என்பதை அவனுடைய விருப்பத்தைவிட, அவனுக்கு எத்தனை சகோதரிகள் இருந்தார்கள் என்பதே பல தலைமுறைகளாகத் தீர்மானித்து வந்தது. இதற்கு எழுதப்பட்ட சட்டமும் இருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்தின் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1706–1707இல் தொகுத்தளித்த தேசவழமை, அதாவது இம்மண்ணின் தமிழரிடையே வழங்கிய சொத்து, திருமண வழமைகளின் தொகுப்பு, பெற்றோர் உயிருடன் உள்ளவரை ஆண்மக்கள் எதையும் உரிமையாகக் கோர முடியாது என்றும், மணமாகும்வரை அவர்கள் உழைத்துத் தேடியது யாவும், உடலில் அணியும் பொன், வெள்ளி நகைகள் நீங்கலாக, குடும்பத்தின் பொதுச்சொத்தில் சேர வேண்டும் என்றும் விதித்தது. பெண்மக்களுக்கு மணத்தின்போது பெற்றோர் எழுதிக்கொடுப்பது சீதனம். அதைப் பெற்றுச் சென்றவளுக்குப் பெற்றோரின் எஞ்சிய சொத்தில் பங்கில்லை. தமையன் உழைத்துத் தங்கையைக் கரைசேர்த்த பிறகே தன் கலியாணத்தைப் பற்றி நினைக்கலாம் என்ற எண்ணம் பாசத்தில் மட்டுமன்றி இந்தச் சொத்துமுறையிலும் வேரூன்றியிருந்தது.

அந்தப் பொதுச்சொத்தோ பெரும்பாலும் தோட்டக்காணிதான். வற்றாத ஆறு எதுவும் ஓடாத, சுண்ணாம்புக்கல் மீது படிந்த இச்செம்மண்ணில் புகையிலையும் மரக்கறியும் கிணற்று நீரை நம்பியே விளைந்தன. ஆடுகாலில் பொருத்திய துலா என்னும் நீண்ட மரத்தின் மீது ஒருவரோ இருவரோ ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே நிற்பவர் பனையோலைப் பட்டையைக் கிணற்றுக்குள் இறக்கி நிறைத்து வாய்க்காலில் கவிழ்க்க, இன்னொருவர் மண்வெட்டியோடு நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். இந்த வேலைக்கு வேண்டிய கால்களையும் கைகளையும் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளே கொடுத்தார்கள். ஒரு மகனைப் பள்ளிக்கு அனுப்புவதென்றால் துலாவிலிருந்து ஒருவனை இறக்குவதாகும். காணி தலைமுறைதோறும் சீதனமாகவும் முதுசமாகவும் துண்டுபட்டு, உழைத்தாலும் எல்லோருக்கும் போதாத அளவுக்குச் சுருங்கியபோது, அந்த இழப்பைத் தாங்கிக்கொண்டாவது ஒருவனைப் படிக்க வைப்பதே பெற்றோருக்கு வழியாகத் தெரிந்தது.

படிப்பதற்கு இடமும் அப்போது வாய்த்தது. 1816இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிகள் 1823இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியை, அதாவது உயர்கல்விக்கான விடுதிப் பாடசாலையை, நிறுவினார்கள். சுதேச போதகர்களை உருவாக்குவது அவர்களின் நோக்கம். பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் பலரின் நோக்கம் ஆங்கிலமும் அது தரும் உத்தியோகமும். இவ்விரு நோக்கங்களில் வீட்டின் நோக்கமே வென்றது என்பதற்கு, ஆங்கிலக் கல்வி மாணவரை ஊழியத்துக்கு அன்றி அரசாங்க வேலைக்கே இட்டுச்செல்கிறது என்று கண்டு மிஷன் அந்தச் செமினரியை 1855இல் மூடியதை விட வலிய சான்று வேண்டியதில்லை. அங்கே பயின்ற சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1858இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த அவரும் அரச உத்தியோகம் பார்த்தவரே.

இக்காலத்தில் 'தொழில்' என்பதும் 'உத்தியோகம்' என்பதும் யாழ்ப்பாணத்தார் வாயில் வேறு வேறு பொருள் கொண்டன. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்ற பழமொழியில் வரும் கோறணமேந்து, அரசாங்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஊர்த் திரிபு. மாதச் சம்பளமும் முதுமையில் பென்சனும் உறுதியான மாப்பிள்ளைக்குச் சீதனம் கூடியது. அந்தச் சீதனத்தைத் தேட இன்னொரு வீட்டில் ஒரு தமையன் அதே வகை உத்தியோகத்தை நாட வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவில் புகையிரதப் பாதைகள் விரிந்தபோது, ஆங்கிலம் படித்த இளைஞர் கிளாக்கர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் அங்கே சென்றனர். அவர்கள் அனுப்பிய மணியோடர் பணத்தில் கல்வீடுகள் எழுந்தன, தம்பிமாரின் பள்ளிச் சம்பளம் கட்டப்பட்டது, தங்கைமாருக்குக் காணி வாங்கப்பட்டது. யாழ்ப்பாணத்தின் கல்விப் பெருமையைப் பேசுவோர், தம் இளமையை இப்படிக் கொடுத்த அந்தத் தமையன்மாரைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கில் இடம் பெறாதவர்களும் உண்டு. ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு நெடுங்காலம் அடைபட்டிருந்தது. திறந்த பின்னரும் அவர்கள் சமமாக ஆசனத்தில் அமர்வதற்கு எதிர்ப்பு எழுந்தது. அவர்களின் வீட்டில் தந்தையின் தொழில் மகனுக்கு வாய்ப்பாக அல்ல, விதியாகவே வந்து சேர்ந்தது. பெண்களுக்கோ படிப்பும் சீதனத்தோடு பிணைந்திருந்தது. 1824இல் தொடங்கிய உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையில் சேரப் பெற்றோர் தயங்கியதால், கிறிஸ்தவரை மணக்கும் மாணவிக்கு மிஷனே தொடக்க காலத்தில் சீதனம் கொடுத்தது. சமூகத்தை மாற்ற வந்தவர்களும் சீதனத்தைக் கடந்துவிட முடியவில்லை.

1956இன் தனிச்சிங்களச் சட்டம் தமிழருக்கு அரசாங்க உத்தியோகக் கதவைப் பெரிதும் சாத்தியது; 1970களின் தரப்படுத்தல், அதாவது பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளிகளை மொழியாலும் பின்னர் மாவட்டத்தாலும் வேறுபடுத்திய முறை, அடுத்த கதவையும் ஒடுக்கியது. உள்நாட்டுப் போரும் சேர்ந்தபோது தமையன்மார் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனார்கள். மணியோடர் போய், வங்கிக்கு வெளியே பணம் அனுப்பும் உண்டியல் வந்தது. தங்கையின் சீதனம் மட்டும் மாறவில்லை.

இன்று ஆசிரியையாகவும் மருத்துவராகவும் வங்கி அதிகாரியாகவும் மகளே உழைக்கிறாள். ஆனாலும் நூறாண்டு கடந்து வந்த 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைச் சட்டம், தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கேட்கிறது. தன் சம்பளத்தில் வாங்கிய காணிக்கும் அவள் அந்தக் கையொப்பத்தைக் கேட்டு நிற்பது நியாயமல்ல. அந்த விதி நீக்கப்பட வேண்டும்.