உய்யானமும் நந்தவனமும்

மூன்றாம் இராசேந்திரனோடு, 1279ஆம் ஆண்டளவில், சோழப் பேரரசு அஸ்தமித்த வரலாற்றை இந்த வாரம் சொல்வதாக வாக்களித்திருந்தேன். ஆயினும், கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மாளிகைமேட்டில், அகழ்ந்தெடுத்த செங்கற் சுவர்களையும், மரத்தூண்களைத் தாங்கிய கருங்கற் பீடங்களையும் கண்டு நின்றபோது, மாளிகை இதுவென்றால் மன்னன் மாலையில் உலாவிய சோலை எங்கே என்று எழுந்த வினா, என்னை ஒரு பழஞ்சொல்லிடம் கொண்டு சேர்த்துவிட்டது.

அச்சொல் உய்யானம். புகார் நகரத்து மலர்வனங்களை மணிமேகலை கூறுமிடத்து, இலவந்திகை, உவவனம் முதலியவற்றோடு இதுவும் வருகிறது. அரியலூரிலும் குன்னத்திலும் செங்கணத்திலும் இளமையில் தமிழ் பயின்ற உ.வே. சாமிநாதையர் 1898இல் அந்நூலைப் பதிப்பித்திராவிடில், இச்சொல்லை நம்மில் எத்தனை பேர் அறிந்திருப்போம்! வடமொழியில் இது உத்யானம். 'உத்' என்பது வெளியே, 'யானம்' என்பது செல்லுதல். அரசன் அரண்மனையை விட்டு இன்பமாக உலாவப் புறப்பட்ட செலவின் பெயரே, அவன் சென்றடைந்த சோலைக்கும் ஆகிவந்தது. பாலி மொழியில் அது உய்யானம் ஆயிற்று. பௌத்த காப்பியமாகிய மணிமேகலையிலும் அவ்வடிவமே நிற்கிறது. தமிழ்ச் செவிக்கு அதில் 'உய்தல்' ஒலிப்பது இனிமையே எனினும், பிறப்பு அதுவன்று.

இதன் உறவுச்சொல் நந்தவனம். மகிழ்விப்பது நந்தனம், இந்திரனது நந்தனவனமே, வழக்கில் ஓர் எழுத்துக் குறைந்து நந்தவனமாயிற்று. சோழர் கல்வெட்டுகளிலோ இன்பச்சோலை தொண்டுச்சோலையாகிவிடுகிறது: தோட்டம் திருநந்தவனம், அதைப் பேண விட்ட நிலம் திருநந்தவனப்புறம், அங்குப் பூத்து இறைவனுக்குச் சாத்தப்படுவது திருப்பள்ளித்தாமம்.

கங்கை வரை படை செலுத்திய முதலாம் இராசேந்திரன் என் நெஞ்சில் என்றும் வீரனே. கங்கைகொண்ட சோழபுரத்தில் அவன் எழுப்பிய கோயிலின் மதிற்கற்களை 1836இல் கொள்ளிடத்துக் கீழணைக்காகப் பெயர்த்தவர்களை, அணையால் விளைந்த நன்மை கருதியும் என்னால் மன்னிக்க இயலவில்லை. எனினும் மதிலையும் மாளிகையையும் தாங்கும் வலிமை கல்லுக்கு இல்லாது போன ஊரில், ஒரு சொல்லைத் தாங்கும் வலிமை உழைப்புக்கு இருந்தது. உலாவ மன்னன் இல்லாதபோது உய்யானம் ஏட்டோடு நின்றது. விடியலில் ஈரக் கையோடு குடலை நிறைய நந்தியாவட்டை பறிப்பவர் இருக்கும் ஊர்களில் நந்தவனம் இன்றும் வாய்ச்சொல்லாக வாழ்கிறது.

சோழர் வீழ்ச்சியை அடுத்த வாரம் காண்போம்.

(தொடரும்)