முன் சிலுவைத் தசைநார்க் கிழிவு

முன் சிலுவைத் தசைநார்க் கிழிவு என்பது முழங்கால் மூட்டின் உள்ளே அமைந்துள்ள முன் சிலுவைத் தசைநார் பகுதியாகவோ முழுமையாகவோ அறுபடுவதைக் குறிக்கும். விளையாட்டு உலகில் இது ஏ.சி.எல். காயம் என்று பரவலாக அறியப்படுகிறது. காற்பந்து, கூடைப்பந்து, பனிச்சறுக்கு, மற்போர் முதலிய ஆட்டங்களில் ஒரு வீரரைப் பல மாதங்கள் களத்துக்கு வெளியே நிறுத்தும் காயங்களுள் இது முதன்மையானது. இக்காயத்தில் வலி நீங்குவதும் முழங்கால் மீண்டும் ஆட்டத்துக்குத் தகுதி பெறுவதும் ஒரே காலத்தில் நிகழ்வதில்லை. எனவே சிகிச்சையைப் போலவே, ஒவ்வொரு கட்டத்திலும் செய்யப்படும் மதிப்பீடும் இன்றியமையாதது.

அமைப்பும் காரணமும்

தொடை எலும்பையும் கணைக்கால் எலும்பையும் மூட்டின் நடுவே இரண்டு தசைநார்கள் சிலுவை வடிவில் குறுக்காக இணைக்கின்றன. அவற்றுள் முன்புறம் உள்ளது கணைக்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும் அளவுக்கு மீறிச் சுழலாமலும் காக்கிறது.

பெரும்பாலான கிழிவுகள் பிறர் மோதாமலே ஏற்படுகின்றன. ஓடிவரும் வீரர் திடீரென நின்று திசை திரும்பும்போதோ, குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போதோ, பாதம் தரையில் ஊன்றியிருக்க முழங்கால் உட்புறமாக மடிந்து சுழன்றால் நார் அறுந்துவிடும். ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்களை விடப் பெண்களுக்கு இது ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு மிகுதியாக ஏற்படுகிறது.

மதிப்பீடு

காயமுற்றவர் சொல்லும் செய்தியே பாதி நோயறிதலைத் தந்துவிடும். 'டப்' என்று ஏதோ அறுந்த ஓசை கேட்டதாகவும், கால் தன்னைத் தாங்காமல் விலகியதாகவும் பலர் கூறுவர். சில மணி நேரத்துக்குள் மூட்டு வீங்கினால், உள்ளே குருதி கசிந்துள்ளது என்று பொருள். மறுநாள் மெல்ல எழும் வீக்கத்துக்கு இந்த அளவு முக்கியத்துவம் இல்லை.

கையால் செய்யும் சோதனைகளில் இலாக்மன் சோதனை சிறந்தது. அமெரிக்க மருத்துவர் சான் இலாக்மனின் பெயரால் வழங்கும் இச்சோதனையை அவருடைய மாணவர் சோசப் டோர்க் 1976இல் விவரித்து வெளியிட்டார். முழங்காலை 20 முதல் 30 பாகை வரை மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கணைக்காலை முன்னோக்கி இழுக்க வேண்டும். நலமான நார் ஓரிடத்தில் கயிறு இறுகுவதுபோல் தடுத்து நிறுத்தும். அறுந்த நாரில் அந்த முடிவு கையில் தட்டுப்படாது. மற்றக் காலையும் இவ்வாறே சோதித்து ஒப்பிட வேண்டும், ஏனெனில் சிலருக்கு இயல்பிலேயே மூட்டுகள் தளர்ந்திருக்கும். வலியால் தொடைத் தசைகள் இறுகியிருந்தால் கிழிந்த முழங்காலும் உறுதியானதாகத் தோன்றலாம். ஐயம் எழும்போது சில நாட்கள் கழித்து மீண்டும் சோதிப்பது நல்லது.

எலும்பு முறிவை அறிய எக்ஸ் கதிர்ப் படமும், பிறைக் குருத்தெலும்பு முதலியவற்றின் சேதத்தை அறிய எம்.ஆர்.ஐ. படமும் எடுக்கப்படுகின்றன.

அறுவைச் சிகிச்சை தேவையா?

அறுந்த நாருக்கு மாற்றாக, நோயாளியின் முழங்காற்சில்லின் கீழுள்ள நாணிலிருந்தோ தொடையின் பின்தசை நாண்களிலிருந்தோ ஒரு பகுதியை எடுத்துப் பொருத்துவது வழக்கமான அறுவை முறையாகும். ஆயினும் எல்லோருக்கும் இது உடனடியாகத் தேவைப்படுவதில்லை. சுவீடனில் 121 இளையோரிடம் நடத்தி 2010இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஒரு குழுவினருக்கு விரைவில் அறுவை செய்யப்பட்டது. மற்றக் குழுவினர் பயிற்சியில் தொடங்கி, தேவையானால் மட்டும் பின்னர் அறுவை செய்துகொண்டனர். இரண்டாம் குழுவில் ஐந்தாண்டு முடிவில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அறுவை தேவைப்படவேயில்லை. இரு குழுவினரின் முழங்கால் நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனினும் திசை மாறி ஓடும் ஆட்டங்களுக்குத் திரும்ப விரும்புவோர்க்குப் பெரும்பாலும் அறுவையே பரிந்துரைக்கப்படுகிறது.

மறுவாழ்வுப் பயிற்சி

1980கள் வரை அறுவைக்குப் பின் காலை வாரக்கணக்கில் கட்டிலிட்டு அசையாமல் வைப்பது வழக்கமாக இருந்தது. இதனால் மூட்டு இறுகியது, தசை மெலிந்தது. இண்டியானாபோலிசு நகர மருத்துவர் டொனால்டு செல்போர்ன், அறிவுரையை மீறிக் காலை முன்கூட்டியே நீட்டி ஊன்றி நடந்த நோயாளிகள், சொற்படி நடந்தவர்களைவிட நன்றாகத் தேறியதைக் கவனித்தார். கீழ்ப்படியாத நோயாளிகளிடமிருந்து மருத்துவம் பாடம் கற்ற அரிய நிகழ்வு இது. 1990இல் அவர் வெளியிட்ட விரைவு முறையில், முதல் நாட்களிலேயே முழங்காலை முழுமையாக நீட்டுவதும் எடையைத் தாங்கி நடப்பதும் இடம்பெற்றன. இன்றைய பயிற்சி இதன் வழிவந்ததே.

முதல் வாரங்களில் வீக்கத்தைக் குறைப்பதும், மறு காலுக்கு நிகராக முழங்காலை நீட்டச் செய்வதும், வீக்கத்தால் செயலடங்கிப்போன தொடை முன்தசைகளை எழுப்புவதும் நோக்கங்களாகும். அடுத்து வலுப்பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் தொடரும். நேர்கோட்டு ஓட்டம் பொதுவாக மூன்று, நான்கு மாதங்களில் தொடங்கும். குதித்தலும் திசை மாற்றமும் அதற்குப் பின்னரே.

இடர் மறைந்திருப்பது இங்குதான். பொருத்தப்பட்ட நாண் உடனே தசைநாராகிவிடுவதில்லை. முதல் மாதங்களில் அதன் பழைய உயிரணுக்கள் அழிந்து, புதிய குருதிக் குழாய்கள் நுழைந்து, மெல்ல உருமாறுகிறது. இடையில் அது தொடக்கத்தில் இருந்ததைவிட வலுக்குன்றி இருக்கும். அக்காலத்தில் வீரருக்கு வலியோ வீக்கமோ இருக்காது. முழங்கால் நலமாகிவிட்டது என்று அவரும் அணியும் நம்புவது எளிது.

களத்துக்குத் திரும்புதல்

விரைவு முறையில் நான்கு முதல் ஆறு மாதங்களில் களமிறங்குவது ஏற்கப்பட்டிருந்தது. பிற்கால ஆய்வுகள் அதை மாற்றின. நோர்வேயில் 106 பேரைப் பின்தொடர்ந்து 2016இல் வெளியான ஆய்வின்படி, ஒன்பதாம் மாதம் வரை திரும்புதலைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயத்தின் வீதம் 51 விழுக்காடு குறைந்தது. திரும்புவதற்கான தேர்வுகளில் தேறியவர்களுள் 5.6 விழுக்காட்டினரும், தேறாமல் திரும்பியவர்களுள் 38.2 விழுக்காட்டினரும் மீண்டும் முழங்காலில் காயமுற்றனர்.

தொடை முன்தசையின் வலுவும், ஒற்றைக் காலால் தாண்டும் தூரமும் நேரமும் இத்தேர்வுகளில் அளக்கப்படுகின்றன. காயமுற்ற கால் மறு காலின் 90 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். ஆனால் மாதக்கணக்கில் ஓய்ந்திருந்ததால் மறு காலும் மெலிந்திருக்கும். மெலிந்த ஒன்றோடு ஒப்பிட்டுப் பெறும் 90 உண்மையான 90 ஆகாது. எனவே அறுவைக்கு முன்பே மறு காலின் அளவை எடுத்து வைத்துக்கொள்வது மேலானது. மீண்டும் அறுந்துவிடுமோ என்ற அச்சத்தையும் வினாநிரல் கொண்டு அளக்கின்றனர். அறுவை செய்துகொண்டவர்களுள் ஏறத்தாழ 55 விழுக்காட்டினரே போட்டி ஆட்டங்களுக்குத் திரும்புகின்றனர் என்று 2014இல் வெளியான தொகுப்பாய்வு கண்டது. இதற்கு முழங்கால் மட்டும் காரணமன்று.

அமெரிக்கப் பனிச்சறுக்கு வீராங்கனை இலிண்டுசி வோன் 2013 பெப்ரவரியில் வலது முழங்காலில் இந்நாரைக் கிழித்துக்கொண்டு அறுவை செய்துகொண்டார். அதே ஆண்டு நவம்பரில் பயிற்சியின்போது விழுந்ததில் புதிய நார் பகுதியாகக் கிழிந்தது. 2014 சோச்சி ஒலிம்பிக்கை அவர் இழக்க நேர்ந்தது. மீண்டும் அறுவை செய்து திரும்பிய அவர் 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். எசுப்பானியக் காற்பந்து வீராங்கனை அலெக்சியா புட்டெயாசு 2022 சூலையில், ஐரோப்பியக் கிண்ணப் போட்டி தொடங்கும் தறுவாயில் இடது முழங்காலில் இக்காயமுற்றார். ஏறத்தாழ பத்து மாதங்களுக்குப் பின், 2023 ஏப்ரல் இறுதியில் களமிறங்கினார். அவ்வாண்டு உலகக் கிண்ணம் வென்ற எசுப்பானிய அணியிலும் ஆடினார்.

பின்விளைவும் தடுப்பும்

கிழிந்த முழங்காலில் 10 முதல் 20 ஆண்டுகளில் மூட்டுத் தேய்வு தோன்றும் வாய்ப்பு மிகுதி. அறுவை இதைத் தடுக்கும் என்று உறுதியாகக் கூற இயலாது. பதினாறு வயதில் காயமுற்றவர் முப்பதுகளிலேயே மூட்டு வலியைச் சந்திக்கக்கூடும்.

இறங்கும் முறையையும் திரும்பும் முறையையும் பழக்கும் பயிற்சிகளால் இக்காயத்தைக் கணிசமாகக் குறைக்கலாம். பன்னாட்டுக் காற்பந்துக் கூட்டமைப்பின் '11+' என்னும் வெப்பமூட்டும் பயிற்சி இவ்வகையினது. இதற்கு 20 நிமிடங்களும் ஒரு பந்தும் போதும்.