கூப்பர் பிளாக் இத்தாலிக்: தடிமனும் சாய்வும் சேர்ந்த ஒரு தலைப்பெழுத்து

1. முன்னுரை

சாய்வெழுத்து தலைப்புக்காகப் பிறந்ததல்ல. 1501இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூசியஸ் அதைக் கொண்டு முழு நூலையே அச்சிட்டார். அச்செழுத்தைச் செதுக்கியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் விளம்பரத் தாள்களுக்கென மிகத் தடித்த எழுத்துகள் வார்க்கப்பட்டபோதுதான், சாய்வும் தடிமனும் தலைப்பில் கைகோத்தன. அந்த மரபில் 20ஆம் நூற்றாண்டு தந்த சிறந்த படைப்பு கூப்பர் பிளாக் இத்தாலிக் என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. தோற்றம்

ஆஸ்வால்ட் கூப்பர் சிகாகோவின் விளம்பர எழுத்தோவியர். எழுத்துரு வடிவமைப்பாளர் ஃபிரெடரிக் கௌடியிடம் பயின்றவர். பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் வார்ப்பகம் 1922இல் அவருடைய கூப்பர் பிளாக்கை வெளியிட்டது. அதன் சாய்வு வடிவமும் அதே பத்தாண்டுக்குள் வந்துவிட்டது.

3. வடிவியல்பு

3.1 தடிமன்

மையின் பரப்பு பெருகப் பெருக எழுத்தின் உள்வெளி, அதாவது கோடுகளுக்குள் அடங்கிய வெற்றிடம், சுருங்கும். 'e', 'a' இரண்டும் முதலில் அடைபடும். கூப்பர் உள்வெளியைச் சிறிதாக்கினாலும் அதன் நடுக்கோட்டைப் பின்பக்கம் சாய்த்து, கண்ணுக்குப் பிடி கொடுத்தார். கோடுகளின் நுனியில் நீளும் செரிஃப் முனைகளைக் கூராக விடாமல் உருட்டினார். இத்தனை கனமான எழுத்து அதட்டாமல் நட்போடு பேசுவது இந்த உருட்டலால்தான்.

3.2 சாய்வு

நேர் எழுத்தை அப்படியே தள்ளிச் சாய்த்தால் வளைவுகள் கெடும்: 'o'வின் ஒரு மூலை பருக்கும், எதிர்மூலை மெலியும். மெல்லிய எழுத்தில் மறைந்துபோகும் இக்குறை, தடித்த எழுத்தில் முகத்தில் அறையும். கூப்பர் சாய்வெழுத்தைத் தனியாகவே வரைந்தார். 'a' மேல் வளைவை இழந்து ஒற்றை அடுக்காக மாறியது; 'n', 'm' எழுத்துகளின் கோடுகள் பேனா இழுத்ததுபோல் வளைந்து தொடங்கி வளைந்து முடிகின்றன. கையெழுத்தின் ஓட்டம் இவ்வளவு கனத்திலும் தங்கியிருப்பதை இதன் தலையாய சாதனை என்பேன்.

3.3 ஈயத்தின் கட்டுப்பாடு

ஈய அச்சில் சாய்ந்த எழுத்தின் முனை தன் கட்டையைத் தாண்டி நீண்டால் அழுத்தத்தில் ஒடியும். அதனால் எழுத்துகளுக்கிடையே இடம் விட வேண்டியிருந்தது. ஒளி அச்சுக்கோப்பு இத்தளையை நீக்கியது. 1960, 70களில் வடிவமைப்பாளர்கள் எழுத்துகளை ஒன்றோடொன்று உரசுமளவு நெருக்கினர். கூப்பர் எழுத்துக் குடும்பத்தின் இரண்டாம் வாழ்வு அங்கே தொடங்கியது.

4. பயன்பாடு

நேர் வடிவமே அதிகம் புகழ்பெற்றது: 1966இல் வந்த பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டு உறை, ஈஸிஜெட் விமானங்களின் பெயரெழுத்து. சாய்வு வடிவம் அசைவைச் சேர்க்கிறது. கடைப் பெயர், தின்பண்டப் பொதி, இசைத்தட்டு உறை, பனியன் வாசகம் ஆகியவற்றில் இரண்டு மூன்று சொற்களுக்கு இது பொருந்தும். பத்திக்கு ஆகாது; சிறிய அளவில் உள்வெளி அடைபட்டுப் படிக்க முடியாமல் போகும். முழுவதும் பெரிய எழுத்துகளாகக் கோத்தாலும் கையெழுத்தின் ஓட்டம் அறுந்துவிடும். இரங்கல் அறிவிப்புக்கும் சட்ட ஆவணத்துக்கும் இதன் உருண்ட இனிமை ஒவ்வாது.

5. முடிவு

கணினியில் நேர் வடிவத்தைத் தேர்ந்து 'I' பொத்தானை அழுத்தினால் கிடைப்பது பெரும்பாலும் மென்பொருள் தள்ளிச் சாய்த்த போலி. 'a' இரண்டு அடுக்காகவே நின்றால் அது கூப்பர் வரைந்த சாய்வல்ல. சாய்வெழுத்துக் கோப்பு தனியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் நேர் வடிவத்தையே பயன்படுத்துங்கள்.