பருத்தியில் பிறந்த கார் பெயிண்ட்

பல்லடம் பகுதி ஒர்க்‌ஷாப்புகளில் பனியன் வேஸ்ட் மூட்டையைப் பார்க்காமல் இருக்க முடியாது. திருப்பூர் கம்பெனிகளின் கட்டிங் மேஜையில் மிஞ்சிய துணிதான் ஆயில் துடைக்கவும், பெயிண்ட் அடிக்கும் முன் காரைத் துடைக்கவும் பயன்படுகிறது. ஆனால் அந்தக் காரின் மேல் அடித்த பெயிண்டே ஒரு காலத்தில் பருத்தியில் இருந்துதான் வந்தது என்றால் நம்புவீர்களா?

ஆரம்ப காலக் கார்களுக்கு, குதிரை வண்டிகளுக்கு அடித்தது போலவே பிரஷ்ஷால் வார்னிஷ் அடித்தார்கள். ஒவ்வொரு பூச்சும் காயக் காத்திருந்து, தேய்த்து, மறுபடி அடிக்க வேண்டும். ஒரு கார் முடியப் பல வாரங்கள் ஆகும். ஃபோர்டின் மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது.

இந்தத் தாமதத்தைத் தீர்த்தவை இரண்டு. முதலாவது ஸ்ப்ரே கன். அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்ற மருத்துவர், நோயாளிகளின் தொண்டையில் மருந்து தெளிக்க 1888 வாக்கில் ஒரு கருவி செய்தார். அதே தத்துவத்தை அவர் மகன் தாமஸ் பின்னாளில் பெயிண்டுக்குக் கொண்டு வந்தார்.

இரண்டாவது பருத்தி. பருத்தியை நைட்ரிக், சல்ஃப்யூரிக் அமிலங்களில் ஊற வைத்தால் நைட்ரோ செல்லுலோஸ் கிடைக்கும். ஷோன்பைன் என்ற வேதியியலாளர் 1846-ல் அறிவித்த இந்தப் பொருள் முதலில் வெடிமருந்தாகத்தான் பயன்பட்டது. முதல் உலகப் போர் முடிந்ததும் வெடிமருந்துத் தொழிற்சாலைகளுக்கு வேலை குறைந்தது. வெடிமருந்து செய்து வந்த டூபாண்ட் நிறுவனம் அதே பொருளைத் தின்னரில் கரைத்து 'டூக்கோ' என்ற பெயிண்டாக்கியது. 1924 மாடல் ஓக்லாண்ட் கார் நீல நிறத்தில் இந்தப் பூச்சோடு வந்தது. வாரக் கணக்கில் காய்ந்தது மணிக் கணக்கில் காயத் தொடங்கியது. கார்களில் விதவிதமான நிறங்கள் பரவலானதும் இதற்குப் பிறகுதான்.

அந்தப் பெயர் நம் ஊரில் இன்றும் வாழ்கிறது. மர பீரோவுக்கு ஸ்ப்ரே அடித்தால்கூட 'டூக்கோ' என்கிறார்கள். அம்பாசிடர், பியட் காலத்தில் புதுக்கார் வாங்கப் பதிவு செய்துவிட்டு வருடக் கணக்கில் காத்திருந்தார்கள். அதனால் பழைய காரையே பட்டி பார்த்து, டிங்கரிங் செய்து, புதுசாக்கினார்கள். 1960-ல் கோவையில் தொடங்கிய எல்ஜி போன்ற நிறுவனங்களின் கம்ப்ரஸர்கள் இந்தத் தொழிலுக்குக் காற்று கொடுத்தன.

வீட்டு வாசலிலேயே கீறலைச் சரி செய்ய வழி காட்டியது ஸ்ப்ரே டப்பா. 1949-ல் எட்வர்ட் சீமோர் என்ற அமெரிக்கர், மனைவி சொன்ன யோசனைப்படி பெயிண்டை டப்பாவில் அடைத்தார்.

இன்றைய காரில் தகட்டின் மேல் துரு தடுக்கும் பூச்சு, பிரைமர், கலர், அதற்கு மேல் கிளியர் கோட் என்று நான்கு அடுக்குகள். எல்லாம் சேர்ந்தாலும் ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். கீறலில் நகம் மாட்டவில்லை என்றால் ரப்பிங் காம்பவுண்டு போதும். தகடு தெரிந்தால் துருவை நீக்கி, பிரைமர், கலர், கிளியர் என்று வரிசையாக, மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். மழை ஈரத்தில் லேக்கர் வெளுத்துப் போகும். தறி ஓடும் ஊரில் பறக்கும் பஞ்சு ஈரப் பெயிண்டில் ஒட்டிக் கொள்ளும்.

இவற்றை விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் இன்றைய கிளியர் கோட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அதைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சுத் திணறும். பனியன் துணியை மூக்கில் கட்டிக் கொண்டால் போதும் என்று நினைப்பது தவறு. தூசியை வேண்டுமானால் ஓரளவு அது தடுக்கும், ரசாயன ஆவியைத் தடுக்காது. வீட்டில் இந்த வகைப் பெயிண்டைத் தொடாமல் இருப்பதே நல்லது.

தொண்டைக்கு மருந்து தெளிக்கப் பிறந்த கருவி, பெயிண்டரின் நுரையீரலைக் கெடுக்கலாமா? காரின் பளபளப்பைப் பார்க்கும்போது, அதை அடித்தவருக்கு நல்ல மாஸ்க் இருந்ததா என்றும் ஒரு வார்த்தை கேட்டால் நல்லது.